முடியாதுன்னு சொல்ல மலையேறினேன்

மே 27, செவ்வாய். பாலம்பூர்

கோவில்பட்டியில் சனிக்கிழமை ஏறினது. மூணு ரயில், ஒரு பஸ் மாறி, இன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு ஹிமாசலம் வந்து சேர்ந்தேன். இடுப்பு எலும்பு இருக்கா இல்லையான்னு தெரியலை. மக கோமு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தா. இளைச்சிருப்பான்னு நினைச்சேன், நல்லாத்தான் இருக்கா.

வந்த வேலை ஒண்ணே ஒண்ணு. கோமு இங்கே மத்திய அரசுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்த ஊர் கால்நடை டாக்டர் ஒருத்தனைக் கட்டிக்கிடணுங்கா. பேரு பவன். அப்பா அம்மா வருஷம் பூரா ஆட்டு மந்தையோட மலை மலையாத் திரியிற, 'கத்தி'ன்னு சொல்ற மேய்ப்பர் ஜனம். நாளைக்கு அவங்க என்னைப் பார்க்கக் கீழே இறங்கி வாராங்களாம். அவங்க முகத்துக்கு நேரே, மரியாதையா, முடியாதுன்னு சொல்லிட்டு அஞ்சாம் தேதி டெல்லியில் ரயிலைப் பிடிச்சிரணும். போனில் சொன்னால் மரியாதை இல்லை. எங்க வீட்டுக்காரரை அனுப்பினால் மாலையை மாத்திவிட்டுத்தான் வருவார். அதனால் நானே வந்தேன். முப்பத்திரண்டு வருஷம் விளையாட்டு டீச்சர் வேலை பார்த்தவளுக்கு முடியாதுன்னு சொல்றது பெரிய காரியமா?

கோமு ஒண்ணும் சண்டை பிடிக்கலை. காபியைக் கையில் கொடுத்துட்டு அமைதியாச் சொன்னா. "நீ முடியாதுன்னா சரிம்மா. நான் அவரைக் கட்டிக்கிட மாட்டேன். ஆனா இனிமே எனக்கு வேற மாப்பிள்ளை பார்க்கக்கூடாது."

சண்டை பிடிச்சிருந்தால் எனக்கு லேசா இருந்திருக்கும்.

மே 28, புதன்

காலையில் தோசை ஊத்திக்கிட்டிருக்கும்போது அந்தப் பையன் வந்தான். ஆறடி உயரம். உள்ளே வான்னு சொல்லுற வரைக்கும் வாசலிலேயே நின்னான். "வணக்கம் அத்தை. சாப்பிட்டீங்களா அத்தை?" தமிழில் அவ்வளவுதான் தெரியுமாம். ரெண்டு மாசமாப் படிச்சதாம். நான் இன்னும் சாப்பிடலைன்னேன். அதுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் திரும்பவும் "சாப்பிட்டீங்களா அத்தை"ன்னான். கூறுகெட்ட பயல்.

விஷயம் என்னன்னா, அவங்க அப்பா அம்மா வரலை. மேலேயிருந்து இறங்கின வேற மேய்ப்பர்கிட்டே சொல்லி விட்டிருக்காங்க. கூட ஒத்தாசைக்கு நின்ன ஆளுக்குக் கால் பிசகிட்டு. முந்நூத்தம்பது உருப்படி. விட்டுட்டு இறங்க முடியாது. ஞாயித்துக்கிழமை கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருவாங்க. போனால் செப்டம்பர் கடைசி வரை ஆளைப் பிடிக்க முடியாது.

எனக்கு வந்துச்சே கோபம். நாலு நாள் ரயிலில் வந்தவள் நான். "அவங்களால இறங்க முடியலைன்னா நாம ஏறிப் போவோம்! மலைதானே, ஓடியா போயிரும்?"ன்னேன். ஒரு வேகத்தில் சொன்னதுதான். பத்து நிமிஷத்தில் கோமு பையைக் கட்டிட்டா. பவன் எங்கேயோ ஓடிப்போய் மூணு ரெயின்கோட்டு வாங்கியாந்துட்டான். வாய் இருக்கே வாய், அதை முதல்ல தைக்கணும்.

ஸ்கூல் டிராக் பேண்ட்டைக் கொண்டுவந்தது நல்லதாப் போச்சு.

மே 29, வியாழன். உத்ராலாவுக்கு மேலே ஏதோ ஒரு காடு

ஜீப் விடியற்காலை உத்ராலாங்கிற ஊரில் இறக்கிவிட்டுது. அதுக்கு மேல் நடைதான். ஏழு மணி நேரம் நடந்தோம். என் வயசு ஐம்பத்தெட்டு. கோமு வயசு இருபத்தொன்பது. நாலு தடவை உட்கார்ந்தது அவள், நான் இல்லை. இதை எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

ஆத்துச் சத்தம் காது பூரா. செக்கச் செவேல்னு பூப் பூத்த மரங்கள். பவன் முன்னாடி போறான், வழுக்குற இடத்தில் நின்னு கை நீட்டுறான். நான் கையைப் பிடிக்கலை. அவனும் ஒவ்வொரு தடவையும் நீட்டுறதை விடலை.

மே 30, வெள்ளி. மந்தை

பார்த்துட்டேன்!

மரமெல்லாம் முடிஞ்சு வெறும் புல்லு. அதுக்கு மேலே பனி. அந்தப் புல்லுச் சரிவு முழுக்க ஆடு. வெள்ளை, கறுப்பு, செவலை. ஆத்தாடி, எத்தனை! பாறை விளிம்பில் ஒரு வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கிவச்சு என்னையவே பார்த்துது. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ஏன்னு தெரியாது, சும்மா வந்துட்டு.

பவனோட அப்பா பேரு துனி சந்த். முட்டி வரைக்கும் வெள்ளைக் கம்பளிச் சட்டை, இடுப்பைச் சுத்தி கறுப்புக் கம்பளிக் கயிறு இருபது சுத்து. கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். அந்தச் சமயம் பார்த்து அவர் சட்டைக்குள்ளேயிருந்து "ம்மே"ன்னு ஒரு சத்தம். பார்த்தால் நெஞ்சுப் பக்கம் ஒரு குட்டித் தலை எட்டிப் பார்க்குது. காலையில் பிறந்த குட்டியாம். நடக்க முடியாத குட்டிகளைக் கயித்துக்கு மேலே சட்டை மடிப்பில் போட்டுத்தான் மலை ஏறுவாங்களாம். மரியாதையாப் பேசணும்னு வழியெல்லாம் மனசுக்குள்ளே கட்டிவச்சிருந்த வார்த்தை எதுவும் வாயில் வரலை. ஆட்டுக்குட்டியைச் சுமந்துக்கிட்டு நிக்கிற மனுஷன்கிட்டே எப்படி முடியாதுன்னு சொல்ல?

அந்தம்மா பேரு பிம்லா. என் வயசுதான் இருக்கும். வந்ததும் என் ஷூவைக் கழட்டி, வெந்நீரில் காலை வச்சு, "ஐயோ ஐயோ"ன்னு அவங்க பாஷையில் ஏதோ சொன்னாங்க. கொப்பளத்தைப் பார்த்துட்டு என்னைத் திட்டினாங்கன்னு நினைக்கிறேன். நானும் தமிழில் பதிலுக்குத் திட்டினேன். ரெண்டு பேருக்கும் பிடிச்சிருந்தது. மக்காச்சோள ரொட்டி, பருப்பு, ஆட்டுப்பால் டீ. நாலு ரொட்டி சாப்பிட்டேன்.

சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்தோம். கோமுதான் ரெண்டு பக்கமும் மொழிபெயர்க்கணும். தன் கல்யாணத்துக்குத் தானே மொழிபெயர்ப்பு. நான் தொண்டையைச் சரி பண்ணினேன். அதுக்குள்ளே துனி சந்த் பேசிட்டார்.

"டீச்சரம்மா, எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. ஆனா நான் எதையும் நானா முடிவு பண்றவன் இல்லை. ஞாயித்துக்கிழமை கணவாய் மேலே சிவனுக்குக் கிடா கொடுப்போம். கணவாயைத் தாண்ட உத்தரவு கேட்கிறதோட இதையும் கேட்பேன். தண்ணி தெளிச்சதும் கிடா உடம்பை உதறினால் கல்யாணம். மூணு தடவை தெளிச்சும் உதறலைன்னா, சிவன் வேண்டாங்கான்னு அர்த்தம். அதுக்கப்புறம் நானே சொன்னாலும் நடக்காது."

எனக்கு ஆச்சரியம். எங்க ஊர்க் கோயில் கொடையிலும் இதே கதைதான். மஞ்சத்தண்ணி தெளிச்சு, கிடா துலுக்கினாத்தான் சாமி உத்தரவு. இந்தக் கோடியில் இருக்கிற ஆட்டுக்கும் அதே சட்டமா?

அதைவிடப் பெரிய விஷயம், எனக்கு வேலை மிச்சம். கிடா நின்னபடியே நின்னுட்டால் நான் வாயைத் திறக்க வேண்டாம். கெட்ட பேரு சாமிக்கும் ஆட்டுக்கும் போயிரும். "சரி, அப்படியே செய்யுங்க"ன்னேன். கோமு அதை மொழிபெயர்க்கும்போது என்னைப் பார்க்கலை.

பவன் எழுந்து போய் ஆடுகளுக்குப் பாறை மேலே உப்பு வச்சான். வச்ச பாறையிலேயே திரும்பத் திரும்ப வச்சான்.

மே 31, சனி

இன்னைக்கு நான் பண்ணின காரியத்தை எழுதவே வெட்கமா இருக்கு.

காலையில் மந்தை மேலே ஏறிக்கிட்டிருந்தது. ஒரு இருபது வெள்ளாடு வரிசையை விட்டு விலகி, பள்ளத்துப் பக்கம் போற மாதிரி எனக்குப் பட்டுது. அங்கே யாரும் இல்லை. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். ரெண்டு விரலை வாயில் வச்சு அடிச்சேன் ஒரு விசில். எங்க மைதானத்தில் அறுநூறு பிள்ளைகளை அப்படியே நிறுத்துற விசில்.

நின்னுச்சு. முந்நூத்தம்பதும் நின்னுச்சு. திரும்புச்சு. அப்புறம் என்னைப் பார்த்து ஓடி வந்துது பாருங்க! அவங்க ஊரில் அந்த மாதிரி நீள விசில்னா "உப்பு வச்சாச்சு, வாங்க"ன்னு அர்த்தமாம். ரெண்டு மணி நேரமா மூச்சு வாங்க ஏத்தின மந்தை அஞ்சு நிமிஷத்தில் என் காலடியில். ஒண்ணு டிராக் பேண்ட்டைக் கடிக்குது, ஒண்ணு பாக்கெட்டுக்குள்ளே மூக்கை விடுது. கழுத்தில் முள்ளுப் பட்டை போட்ட மந்தை நாய் எதுக்குக் குலைக்கணும்னு தெரியாமல் எல்லாரையும் பார்த்துக் குலைக்குது. நான் "போ சவமே, போ"ன்னு கத்துறேன். அதுகளுக்குத் தமிழ் தெரியலை.

துனி சந்த் மேலேயிருந்து இறங்கி வந்தார். நான் தலையைக் குனிஞ்சு நின்னேன். எங்க ஹெச்.எம். முன்னாடிகூட அப்படி நின்னதில்லை. அவர் முகத்தை இறுக்கமா வச்சுக்கிட்டு என்னவோ சொன்னார். கோமு சிரிப்பை அடக்கிக்கிட்டு மொழிபெயர்த்தா. "டீச்சரம்மா வேலையை விட்டுட்டாங்கன்னு சொன்னியே. நான் ஆள் எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அப்புறம் ஒரு சிரிப்பு சிரிச்சார், பாரு. பிம்லா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. பவன் ஆடுகளுக்கு நடுவில் நின்னு சிரிக்கான். கோமு தலையைப் பின்னாடி சாய்ச்சு, பல்லெல்லாம் தெரிய, சத்தமாச் சிரிச்சா.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்னுட்டு.

---

மத்தியானம். எல்லாரும் திரும்ப மந்தையை ஏத்தப் போயிருக்காங்க. எனக்கு ஆடு பக்கமே வரக்கூடாதுன்னு தடை. கூடாரத்தில் ரெண்டு குட்டிகளுக்குக் காவல். ஒண்ணு இந்த நோட்டு முனையைத் தின்னுட்டு.

கோமு அப்படிச் சிரிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. எண்ணிப் பார்த்தேன், ரெண்டு வருஷம் மூணு மாசம். அவளுக்கு நிச்சயம் பண்ணின சாத்தூர் மாப்பிள்ளை ஏற்கெனவே ஒருத்தியோட ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணினவன்னு, முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் முன்னாடி தெரிஞ்சுது. ஊர் பூரா பத்திரிகை வச்சாச்சு. கோமு அழக்கூட இல்லை. இட மாறுதல் லிஸ்ட்டில் எது ரொம்பத் தூரம்னு பார்த்து எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டா.

அவனை நான்தான் பார்த்தேன். எங்க வீட்டுக்காரர், "பையன் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேங்கானே"ன்னார். நான் "உங்களுக்கு ஒரு இழவும் தெரியாது"ன்னேன். கோமு, "நீ சரின்னா சரிம்மா"ன்னா. நான் சரின்னேன்.

அதுக்கப்புறம் எனக்கு எதுக்கும் சரின்னு சொல்ல வாய் வரலை. ஊர் தூரம், பாஷை வேற, சாப்பாடு வேறன்னு கோமுகிட்டே நூறு காரணம் சொன்னேன். அதெல்லாம் ஒண்ணுமில்லை. பயமா இருக்கு. அவ்வளவுதான்.

பவன் கண்ணைப் பார்த்துத்தான் பேசுறான். நான் கவனிக்காமல் இல்லை.

---

சாயங்காலம் பிம்லா கோமுவுக்குத் தலை சீவி விட்டாங்க. எனக்கும் வான்னு கூப்பிட்டாங்க. போனேன்.

ஜூன் 1, ஞாயிறு. கணவாய்

இருட்டு பிரியுமுன்னே கிளம்பினோம். ஒம்பது மணிக்கு உச்சி. கை விரல் விறைக்குது, ஆனால் எழுதியே ஆகணும், இப்பவே எழுதணும்.

மேலே பனி. நடுவில் கல் குவிச்சு, அதில் சூலங்கள் குத்தி, சிவப்புத் துணி கட்டியிருந்தது. இந்தப் பக்கம் பார்த்தால் நாங்க ஏறி வந்த பள்ளத்தாக்கு. அந்தப் பக்கம் மலைக்குப் பின்னாடி மலை, அதுக்குப் பின்னாடியும் மலை. இவ்வளவு உலகம் இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லலை. "எம்மா, மூச்சு விடு"ன்னா கோமு.

துனி சந்த் செவலைக் கிடா ஒண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார். கழுத்தில் துணி கட்டி, நெத்தியில் பொட்டு வச்சாச்சு. பனி உருகின தண்ணியை ஒரு செம்பில் எடுத்து, சத்தமா வேண்டினார். எங்க பேரெல்லாம் அதில் வந்தது. என் பேரு "சண்முகத்தாய்"ங்கிறதை அவர் சொன்ன விதத்துக்குச் சிவனுக்கே சிரிப்பு வந்திருக்கும். அப்புறம் ஒரு இலைக்கொத்தால் கிடா முதுகில் தெளிச்சார்.

கிடா அசையலை.

காத்திருந்தோம். மந்தை எங்களைச் சுத்திப் பனியில் நிக்குது. கிடா எதையோ மென்னுக்கிட்டு மேகத்தைப் பார்க்குது.

ரெண்டாம் தடவை. தலையிலேயே தெளிச்சார். கிடா கண்ணை மூடித் திறந்தது. அவ்வளவுதான்.

நான் நினைச்ச மாதிரியேதான் நடக்குது. நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. கெட்ட பேரு இல்லை. அஞ்சாம் தேதி ரயில். சந்தோஷமாத்தானே இருக்கணும்?

கோமுவைப் பார்த்தேன். முகத்தில் ஒண்ணுமே இல்லை. அன்னைக்கு, முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் முன்னாடி, எங்க வீட்டு நடுக்கூடத்தில் நின்னாளே, அதே மாதிரி நிக்கா. பவன் அவளுக்கு ரெண்டடி தள்ளி நின்னு, கையை நீட்டணும்போல இருந்தும் நீட்டாமல், கிடாவையே பார்த்துக்கிட்டிருக்கான்.

ஏ மூதி, துலுக்கு! உனக்கு என்ன கேடு? ஒரு தடவை உடம்பை அசைச்சா என்ன குறைஞ்சு போயிரும் உனக்கு? துலுக்குளா! மனசுக்குள்ளேதான் கத்தினேன். கிடாவை ஏன் பொம்பளையாக்கித் திட்டினேன்னு தெரியலை, அவ்வளவு பதட்டம்.

மேகம் ஏறி வந்துது. நாய் முனகுச்சு. துனி சந்த் செம்பை எடுத்துக்கிட்டு, மூணாம் தடவைக்குக் கண்ணை மூடி நீளமா வேண்ட ஆரம்பிச்சார். எல்லாரும் கண்ணை மூடினாங்க.

நான் மூடலை. எங்க ஊர்க் கொடையில் கிடா துலுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சால், பெரியாட்கள் ஒரு வேலை செய்வாங்க. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டாங்க. குனிஞ்சு ஒரு பிடி பனியை அள்ளினேன். கைக்குள்ளே இறுக்கினேன். எலும்பு வரைக்கும் குத்துச்சு. கிடாவைத் தொட்டுக் கும்பிடுற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டே பக்கத்தில் போய், இடது காதுக்குள்ளே பிழிஞ்சுவிட்டேன். சிவனே, என்னை மன்னிச்சுக்கோ. தப்பு என் பேரில். பிள்ளை பேரில் இல்லை.

துனி சந்த் கண்ணைத் திறந்து மூணாம் தடவை தெளிச்சார்.

கிடா ஒரு மூச்சு நின்னுது. அப்புறம் காதை அடிச்சு, தலையை அடிச்சு, கழுத்து, முதுகு, வால் நுனி வரைக்கும் படபடபடன்னு உதறுச்சு! என் முகத்தில் தண்ணி தெறிச்சுது. மலையே கத்துற மாதிரி எல்லாரும் கத்தினாங்க. துனி சந்த் ரெண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். பவன் எல்லாத்தையும் மறந்துட்டு என் காலில் விழுந்து, "சாப்பிட்டீங்களா அத்தை"ன்னான். அந்த நேரத்தில் வேற தமிழ் வரலை போல. நான் அவன் தலையில் கை வச்சு, "நல்லா இருய்யா"ன்னேன். கோமு என்னைக் கட்டிக்கிட்டு அழுதா. ரெண்டு வருஷத்து அழுகை. என் ரெயின்கோட்டெல்லாம் ஈரம்.

அப்போ பிம்லா வந்தாங்க. வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சாங்க. பிடிச்சதும் அப்படியே நின்னுட்டாங்க. என் வலது கை விறைச்சுப்போய், சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தது.

நானும் நின்னுட்டேன். அவங்க கையும் அப்படித்தான் இருந்தது. விரல் சிவந்து, பனித்துணுக்கு உள்ளங்கையில் ஒட்டி, மணிக்கட்டு வழியாச் சட்டைக் கைக்குள்ளே தண்ணி ஓடிக்கிட்டிருந்தது. நான் கிடாவோட இடது பக்கம் நின்னேன். அவங்க வலது பக்கம் நின்னாங்க.

ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்த்தோம். அவங்க லேசா உதட்டில் விரலை வச்சாங்க. நானும் வச்சேன். அதுக்கு மேலே முடியலை. ரெண்டு பேரும் பனியில் உட்கார்ந்து, மூச்சு முட்ட, கண்ணில் தண்ணி வரச் சிரிச்சோம். சந்தோஷத்தில் பித்துப் பிடிச்சிட்டுன்னு மத்தவங்க நினைச்சிருப்பாங்க. எந்தக் காது ஜெயிச்சுதோ தெரியாது. என் சம்பந்தி!

கிடாவை அங்கேயே அறுத்து, பாறை மறைவில் சமைச்சாங்க. உப்பு தூக்கல். மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மத்தியானம் மந்தை அந்தப் பக்கம் இறங்குச்சு. பிம்லா திரும்பித் திரும்பிக் கையாட்டினாங்க. நான் விசில் அடிக்கலாம்னு வாயில் விரலை வச்சேன். பவன் பாய்ஞ்சு வந்து கையைப் பிடிச்சான். இந்தத் தடவை விடுவிக்கலை. இறங்குற வழி பூரா பிடிச்சுக்கிட்டே வந்தேன்.

ஜூன் 2, திங்கள்

கால் ரெண்டும் என்னுடையது இல்லை.

ஜூன் 3, செவ்வாய். பாலம்பூர்

சிக்னல் கிடைச்சதும் எங்க வீட்டுக்காரர் போன். இத்தனை நாள் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. சாப்பிட்டியா, கால் எப்படி இருக்கு, குளிரான்னு சுத்தி வளைச்சுட்டு, கடைசியில் மெதுவாக் கேட்டார்.

"என்ன தாயி, முடியாதுன்னு சொல்லிட்டியா?"

கோமு அடுப்படியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கிட்டு, பவனுக்கு "சாப்பிட்டேன், நீங்க?"ன்னு பதில் சொல்லப் பழக்கிக்கிட்டிருந்தா.

"சொல்லலாம்னுதான் போனேன்"ன்னேன். "ஆடு சரின்னுட்டு. நான் என்ன செய்ய?"